பத்துக் கை

சகாயராணி டீச்சரின் உல்லாசப் படகு மூன்றாவது முறை மக்கர் பண்ணியபோது அதில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று நிறைந்து உட்கார்ந்திருந்தது. எஞ்சின் நின்றுவிடவில்லை. நின்றிருந்தாலாவது ஒரு கௌரவம் உண்டு. கடலில் எஞ்சின் நிற்பது எல்லாருக்கும் நடப்பதுதான். இதுவோ நாலுகால் பாய்ச்சலில் போய்க்கொண்டிருந்தபோது, தலைமையாசிரியரைப் பார்த்த பிள்ளைகள் மாதிரி சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டது. தூக்கியிருந்த படகின் மூக்கு தண்ணீரில் இறங்கியது. பின்னால் விரிந்திருந்த நுரை அடங்கியது. டீச்சர் லீவரை முழுசாக முன்னால் தள்ளினாள். எஞ்சின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. திரையில் சிவப்பு விளக்கு இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் ஊர்ந்து போன பிறகு, எதுவும் நடக்காததுபோல் எஞ்சின் மறுபடி சீறிக் கிளம்பியது.

கோயம்புத்தூர்ப் பெரியவர் கரை இறங்கியதும் முதல் வேலையாகப் படகுத்துறை அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டுத்தான் காபி குடித்தார். மூன்று புகார் சேர்ந்தால் சோதனை ஓட்டம். அதில் எஞ்சின் ஒருமுறை தடுமாறினாலும் பெர்மிட் ரத்து. ஆய்வாளர் வேதநாயகம் இரண்டு மாத அவகாசம் கொடுத்தார். கொடுக்கும்போது, "நல்லா சரி பண்ணிட்டு வாங்க டீச்சர்" என்று சிரித்த முகமாகத்தான் சொன்னார். சிரித்த முகமாகச் சொல்பவர்களிடம்தான் சண்டை போடவும் முடியாது.

சேரான்பட்டினம் அரசுப் பள்ளியில் இருபது வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள் சகாயராணி. விருப்ப ஓய்வு வாங்கி, கைக்கு வந்ததையெல்லாம் போட்டு, அடியில் கண்ணாடி பதித்த அந்தப் படகை வாங்கினாள். பவளப்பாறை காட்டும் தொழில். படகுத்துறையில் மொத்தம் பதினாலு உல்லாசப் படகுகள். மற்ற பதின்மூன்றும் வடக்கு வழியாகக் கூட்டமாகப் போய்வரும். கூட்டத்தோடு போவது அவளுக்கு ஆகாது. அதனால் தெற்கே நெட்டைப்பார் வழியாகத் தனக்கென்று ஒரு பாதை வைத்திருந்தாள். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு. மூன்று முறையும் எஞ்சின் சுருண்டது அந்த நெட்டைப்பாருக்கு மேலேதான்.

எஞ்சின் கம்பெனியின் சர்வீஸ் ஆள் தௌஃபீக் கீழக்கரையிலிருந்து பைக்கில் வந்தான். வந்ததும் முதல் காரியமாக, படகின் முகப்பில் கட்டியிருந்த எலுமிச்சை மிளகாய்ச் சரத்தைக் கழற்றினான்.

"அதுல ஏன்பா கை வைக்கிறே?"

"டீச்சர், நீங்க திருஷ்டி கட்டியிருக்கது முன்பக்கக் கேமரா மேல. அது பாவம், மூணு மாசமா எலுமிச்சம்பழத்தத்தான் கடல்னு நெனச்சு ஓடிக்கிட்டு இருக்கு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பி.டி. டீச்சர்கள் அவ்வளவு சீக்கிரம் சிரித்துவிட மாட்டார்கள். "சரி, மேல பாரு" என்றாள்.

மேலே பார்த்தான், கீழேயும் பார்த்தான். பெட்ரோல் டேங்கின் மூடியில் காற்றுப் போகும் துளை அடைத்திருந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் வராது. துளை சுத்தமாக இருந்தது. ஃபில்டரைக் கழற்றி பாட்டிலில் கவிழ்த்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. புரொப்பெல்லரைக் கழற்றி, தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்த்தான். கொஞ்சம் சுற்றியிருந்தது. வெட்டி எடுத்தான், ஆனால் இத்தனூண்டு நரம்பு இந்தப் பாடு படுத்தாது என்று அவனே சொன்னான். பிளக், ஒயர் எல்லாம் புதுசு போட்டான்.

"மூணு தடவையும் எந்தெந்த நாளு டீச்சர்?"

தெற்கே சவாரி கிடைப்பதே மாசத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். அவள் யோசித்துச் சொன்னாள். ஒன்று மாசி அமாவாசைக்கு மறுநாள். ராமேஸ்வரம் வந்த கூட்டம் அப்படியே இங்கும் வந்திருந்தது. இன்னொன்று பங்குனிப் பௌர்ணமி. கடைசியாக இந்த அமாவாசை.

தௌஃபீக்கின் முகம் மலர்ந்தது. "அவ்வளவுதான். அமாவாசை, பௌர்ணமியில தண்ணி ரொம்ப வத்தும். எஞ்சின் தன்னைக் குளுமையா வச்சுக்கக் கடல் தண்ணிய உறிஞ்சுதுல்ல? அந்த வாயில பாசி அடைச்சிக்கிரும். சூடானதும் எஞ்சின் தானா சக்தியக் கொறைச்சுக்கும்."

தண்ணீர் உறிஞ்சும் வாயைக் கழற்றிப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். கையளவு பாசி வந்தது. இரண்டு பேரும் நிம்மதியாக டீ குடித்தார்கள்.

அடுத்த பௌர்ணமிக்கு ஆள் ஏற்றாமல் இரண்டு பேரும் நெட்டைப்பாருக்குப் போனார்கள். எஞ்சின் குளுகுளுவென்று இருந்தது. தௌஃபீக் சூடு காட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். நெட்டைப்பார் வந்தது. எஞ்சின் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

தௌஃபீக் மடிக்கணினியை எடுத்து எஞ்சினோடு இணைத்தான். ரொம்ப நேரம் எதையோ உருட்டினான். டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"என்னன்னு வாயத் தொறந்து சொல்லு தம்பி."

"இந்த எஞ்சின்ல எதுவுமே கெட்டுப்போகல டீச்சர். யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க, அது கேக்குது."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஊரே சொல்லிக் குடுத்திருக்கு." அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "இப்ப எல்லா எஞ்சின்லயும் துணைக்கை இருக்குல்ல? நாம லீவரத் தள்ளிட்டு உக்காந்துருவோம், எங்க எவ்வளவு வேகம்னு அதுவே பாத்துக்கிரும். ஆனா வந்த புதுசுல அது எதையுமே ஓட்டல. ரெண்டு வருஷம் சும்மா வேடிக்கை பாத்துச்சு. இந்தக் கரையில ஓடுற ஒவ்வொரு படகுலயும் உக்காந்து, யாரு எங்க கொறைக்கிறான், எங்க கூட்டுறான்னு பாத்துப் படிச்சுச்சு. இப்பவும் படிச்சுக்கிட்டேதான் இருக்கு. பாறை எங்க, மணல்திட்டு எங்கன்னு அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் நம்ம ஆளுங்க கையப் பாத்துத்தான்."

"எவனாவது குடிச்சுட்டு ஓட்டியிருந்தா?"

"அதுக்குத்தான் ஒத்தக் கைய அது நம்பாது. ஒரே எடத்துல பத்து வேற வேற படகு கொறைச்சாத்தான் பாடமா எடுத்துக்கும். எடுத்துக்கிட்டா எல்லாப் படகுக்கும் அதான் சட்டம். அதுக்கு மேல நாம கையால கொறைக்கலாமே ஒழிய, கூட்ட முடியாது."

"நெட்டைப்பார்ல பாறை படகு தட்டாத ஆழத்துலல்ல கெடக்கு? எதுக்குக் கொறைக்கணும்?"

"அதான் எனக்கும் புரியல. காரணமே இல்ல. ஆனா நூத்துக்கணக்கான கை கொறைச்சிருக்கு. அதுவும் மாசத்துல பன்னெண்டு நாளு மட்டும். அமாவாசைய ஒட்டி ஆறு, பௌர்ணமிய ஒட்டி ஆறு. மத்த நாள்ல பறந்திருக்காங்க."

டீச்சருக்கு அந்தப் பன்னிரண்டு நாளைத் தெரியும். நன்றாகவே தெரியும். இருபது வருஷமாக அந்த நாட்களில்தான் அவளுடைய கோ-கோ அணியில் பாதிப் பிள்ளைகள் மட்டம் போட்டார்கள். கேட்டால், "அம்மா பாசிக்குப் போயிருக்கு டீச்சர், தம்பியப் பாத்துக்கணும்" என்பார்கள். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. மாதம் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது, மற்ற நாளில் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவது.

"தண்ணிக்குள்ள பொம்பளைங்க இருப்பாங்க" என்றாள் டீச்சர். "அவங்களுக்காகக் கொறைச்சிருக்கானுங்கப்பா."

அந்தக் கரையின் முரட்டு ஆண்களைப் பற்றி அவள் அன்றுவரை அவ்வளவு நல்லதாக நினைத்ததில்லை. நெஞ்சுக்குள் எதுவோ இளகியது.

அந்த இளக்கம் மறுநாள் சாயங்காலம் வரைதான் நீடித்தது.

பாசி எடுக்கும் பெண்கள் குடியிருக்கும் பகுதிக்கு இருவரும் போனார்கள். மணலில் பாசி காய்ந்துகொண்டிருந்தது. பஞ்சவர்ணம் அவர்களுக்குத் தலைவி மாதிரி. நாற்பது வயதிருக்கும், நீரில் ஊறி ஊறிக் குரலே கொஞ்சம் கரகரத்திருக்கும். அவளுடைய மகள் டீச்சரிடம் கோ-கோ ஆடியவள். அதனால் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, கலர் வந்தது. டீச்சர் விஷயத்தைச் சொன்னாள். உங்கள் மேல் உள்ள மரியாதையில் மீனவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள், அதை எஞ்சின்கூடக் கற்றுக்கொண்டுவிட்டது என்றாள்.

பஞ்சவர்ணம் விழுந்து விழுந்து சிரித்தாள். பாசியைப் புரட்டிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"மரியாதையா? நாங்க கல்ல விட்டு எறிவோம் டீச்சரம்மா! தலைக்கு மேல எஞ்சினக் கொண்டாந்தா சும்மா விட்டுருவமா? பவளக்கல்லு, உள்ளங்கை அகலத்துக்கு. ஒருத்தனுக்குக் கண்ணாடி போச்சு, ஒருத்தனுக்கு மண்டை போச்சு. ரெண்டு தடவை பஞ்சாயத்துகூட வச்சாங்க. அப்புறம் நெட்டைப்பார் வந்தாலே எல்லாப் பயலும் பூனை மாதிரித்தான் போவான்."

தௌஃபீக்கும் சிரித்துவிட்டான். "அதுக்குக் கைதான் தெரியும் டீச்சர். காரணம் தெரியாது."

"ஆனா நாங்க இப்ப நெட்டைப்பாருக்குப் போறதில்லையே" என்றாள் பஞ்சவர்ணம். சிரிப்பு மெல்ல அடங்கியது. "தண்ணி சூடு தாங்காம அங்க பாசியெல்லாம் வெளுத்துப் போச்சு. மூணு வருஷமாச்சு, மஞ்சப்பாருக்கு மாறிட்டோம்."

மஞ்சப்பார் வடக்கே இருக்கிறது. பதின்மூன்று உல்லாசப் படகுகளும் பறக்கும் பாதையில்.

"அங்கயும் கல்லெறிய வேண்டியதுதான?"

"எறியாமலா? ஓட்டுறவன் போன் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். கல்லு விழுந்தா அவன் திரும்பிப் பாக்கறான். எஞ்சின் திரும்பிப் பாக்க மாட்டேங்குது. அவன் கொறைக்கணும்னு நெனைக்கிறதுக்குள்ள எங்களத் தாண்டிப் போயிருது."

"மிதவை கட்டலாம்ல?" என்றான் தௌஃபீக்.

"கட்டுனோம். கயிறு எங்க காலையே சுத்துச்சு."

பஞ்சவர்ணம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாசி ஆய்ந்துகொண்டிருந்த தன் நாத்தனாரைக் காட்டினாள். இருளாயி என்று பேர். வலது காலில் துணி சுற்றியிருந்தது. இரண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் துணி தட்டையாக இருந்தது. தை மாதம் நடந்தது என்றாள் பஞ்சவர்ணம். மூழ்கிவிட்டு மேலே வரும்போது புரொப்பெல்லர் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது.

"எந்தப் படகு?"

"யாருக்குத் தெரியும்? ஓட்டுனவனுக்கே தெரியாது" என்றாள் இருளாயி. அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட ஓர் ஆள் வேண்டுமே. டீச்சருக்குக் கையிலிருந்த கலரைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

திரும்பி நடக்கையில் தௌஃபீக் சொன்னான். "உங்க பிரச்சினை தீர்ந்த மாதிரிதான் டீச்சர். படிச்சதெல்லாத்தையும் அழிச்சிட்டு, கம்பெனி குடுத்த கடல் வரைபடத்த மட்டும் போட்டுர்றேன். அதுல நெட்டைப்பாரே கிடையாது. சோதனையில ஜம்முன்னு ஓடும்."

"வேற எதுவும் ஆகாதே?"

"அழிச்ச படகு ஒரு வருஷத்துக்குத் தனிமரம். மத்த படகு சொல்றத அது கேக்காது. அது சொல்றதையும் மத்தது எடுத்துக்காது."

"அப்ப மஞ்சப்பாருக்கு நான் சொல்லிக் குடுக்க முடியாது."

"அழிக்காட்டியும் நீங்க ஒத்தக் கைதான டீச்சர்? நூறு தடவை கொறைச்சாலும் ஒரு படகுன்னா ஒண்ணுன்னுதான் அது எண்ணும்."

டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பெர்மிட் போனால் படகு வெறும் ஃபைபர் தொட்டி. விற்றாலும் பாதிகூடத் தேறாது. இந்த வயதில் மறுபடி எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் விசில் ஊதுவது? பயமாகத்தான் இருந்தது அவளுக்கு.

"அழிக்காத" என்றாள். "மிச்சம் ஒம்பது கைய நான் தேடிப் பாக்குறேன்."

படகுக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர் கில்பர்ட். நல்ல மனிதர்தான், ஆனால் நாலு பேர் முன்னால் நல்ல மனிதராக இருக்கக் கூச்சப்படுபவர். காலையில் துறைக்கு எதிரே உள்ள டீக்கடையில் எல்லாரும் கூடியிருக்கும்போது டீச்சர் பேச்சை எடுத்தாள். மாசத்தில் பன்னிரண்டு நாள், மஞ்சப்பார் தாண்டும்வரை லீவரைக் கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"டீச்சர், சனங்க வேகத்துக்குத்தான் நம்மகிட்ட வருது" என்றார் கில்பர்ட். "நடுக்கடல்ல எருமை மாதிரி நின்னா, அடுத்த தடவை எவன் ஏறுவான்?"

"மொதல்ல உங்க எஞ்சினச் சரி பண்ணுங்க டீச்சர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கடை முழுக்கச் சிரித்தது.

டீச்சர் இருளாயியின் காலைப் பற்றிச் சொன்னாள். சிரிப்பு நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடி டம்ளருக்குள் எல்லாரும் எதையோ தேடினார்கள்.

"எந்தப் படகுன்னு தெரியாதுல்ல?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது. இங்க இருக்கிற எதுவா வேணாலும் இருக்கலாம். போன தை மாசம் என் படகு மட்டும்தான் அந்த வழியில போகல."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் தெரிந்தது. கில்பர்ட் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு கைகூடக் கிடைக்கவில்லை. வாயைக் கட்டத் தெரியாத தன் புத்தியை டீச்சர் அன்று முழுக்கத் திட்டிக்கொண்டாள்.

திட்டிக்கொண்டே வேலையையும் பார்த்தாள். தெற்குப் பாதையை விட்டுவிட்டு வடக்கே போக ஆரம்பித்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் மஞ்சப்பார் நெருங்கும்போது லீவரைப் பின்னால் இழுப்பாள். உடனே துணைக்கை பெண் குரலில் இனிமையாகச் சொல்லும்: "வேகம் காரணமின்றிக் குறைக்கப்படுகிறது."

"காரணம் இருக்குடி. வாய மூடு" என்பாள் டீச்சர்.

பயணிகள் முணுமுணுத்தார்கள். அவர்களிடம் உண்மையைச் சொன்னாள். உடனே அத்தனை பேரும் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். கீழே பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, பாறையைப் பிடித்தபடி பாசி பறித்துக்கொண்டிருந்தார்கள். படம்கூட எடுத்தார்கள். இரண்டு நாளில் பஞ்சவர்ணம் துறைக்கே வந்துவிட்டாள். "எங்களக் காட்டி டிக்கெட் போடாதீங்க டீச்சரம்மா" என்றாள். டீச்சருக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. அதன் பிறகு மஞ்சப்பார் வந்ததும் கண்ணாடி மேல் தார்ப்பாயை விரித்துவிடுவாள். காசு கொடுத்து ஏறியவர்களுக்கு மெதுவாகப் போகும் படகு, மூடிய கண்ணாடி. தொழில் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் ஒருநாள் கில்பர்ட்டின் படகு அவளைத் தாண்டி முழு வேகத்தில் பறந்தது. தெறித்த தண்ணீரில் டீச்சர் முழுக்க நனைந்தாள். அதற்குப் பிறகு மற்றவர்கள் எந்த நேரத்தில் போகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று அவள் பார்ப்பதை விட்டுவிட்டாள். துறையில் அவளோடு பேச்சு குறைந்திருந்தது. தௌஃபீக்கிடம் மட்டும் கேட்பாள்.

"இப்ப எத்தனை கை ஆச்சுன்னு உன் பெட்டியில தெரியாதா?"

"பத்து ஆகுற வரைக்கும் எத்தனைன்னு காட்டாது டீச்சர். யாரு கை எங்க ஆடுதுன்னு ஊருக்குச் சொல்லக்கூடாதுன்னு சட்டம்."

"நல்ல சட்டம்" என்றாள் டீச்சர். அவளுக்குத் தெரிந்து ஒன்றுதான்.

சோதனை ஓட்டத்துக்கு முந்தின நாள் தௌஃபீக் கடைசியாகக் கேட்டான், அழித்துவிடட்டுமா என்று. வேண்டாம் என்றாள். பயப்பட ஒன்றுமில்லை என்று அவனே தேற்றினான். ஆய்வாளர் எப்போதும் வடக்குப் பாதையில்தான் ஓட்டச் சொல்வார். நெட்டைப்பார் பக்கமே போகத் தேவையில்லை. வடக்கே இந்த எஞ்சின் தானாக ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை. யோசித்தால் சோதனை பாஸாகும். ஆனால் அது பாஸாவதற்குக் காரணம், மஞ்சப்பாரில் பெண்கள் இருப்பது எஞ்சினுக்குத் தெரியாது என்பதுதான். இதை யோசித்தபோது டீச்சருக்குப் பாஸாகும் சந்தோஷமே போய்விட்டது.

காலையில் வேதநாயகம் தொப்பியும் குளிர்க்கண்ணாடியுமாக வந்து ஏறினார். தௌஃபீக் பின்னால் உட்கார்ந்தான். வெயில் இதமாக இருந்தது. அமாவாசைக்கு முந்தின நாள். கடல் சலனமில்லாமல் கிடந்தது.

"லீவரை முழுசாத் தள்ளிட்டுக் கையை எடுத்துருங்க டீச்சர்" என்றார் வேதநாயகம். "போய்த் திரும்புற வரைக்கும் துணைக்கைதான் ஓட்டணும். நடுவுல நீங்க தொட்டீங்கன்னா ஃபெயில். எஞ்சின் தடுமாறுனாலும் ஃபெயில்."

"சார், மஞ்சப்பார்ல மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கிறேன். அங்க பொம்பளைங்க பாசி எடுத்துக்கிட்டு இருப்பாங்க."

வேதநாயகம் திரையைப் பார்த்தார். "ஒண்ணும் காட்டலையே."

"தண்ணிக்கு அடியில இருக்கவங்கள அது எப்படி சார் காட்டும்?"

"டீச்சர், ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி லீவரைப் பிடிச்சா நான் எஞ்சினை எப்படிச் சோதிக்கிறது? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கையை எடுங்க."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. டீச்சர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படகு பறந்தது. இத்தனை மாதத்தில் அந்த எஞ்சின் இவ்வளவு அழகாக ஓடியதே இல்லை. வேதநாயகம் தலையாட்டினார். கலங்கரை விளக்கம் பின்னால் போனது. தூரத்தில் தண்ணீர் கொஞ்சம் மஞ்சளடித்துத் தெரிய ஆரம்பித்தது. அங்கே ஒரு தலையும் தெரியவில்லை. எல்லாரும் மூழ்கியிருந்தால் அப்படித்தான் தெரியும்.

டீச்சர் தௌஃபீக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தான். படகுக்கும் மஞ்சள் தண்ணீருக்கும் நடுவில் இருந்த இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. துணி சுற்றிய ஒரு கால் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. அதற்கு மேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"பெர்மிட்ட நீங்களே வச்சுக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். லீவரை நோக்கிக் கையை நீட்டினாள்.

கை லீவரைத் தொடவில்லை. தொடுவதற்கு முன்பே எஞ்சின் குரலைத் தாழ்த்திக்கொண்டது. படகின் மூக்கு தண்ணீரில் இறங்கியது. நுரை அடங்கியது. படகு தவழ ஆரம்பித்தது.

"என்ன டீச்சர் இது? பவர் போயிருச்சே!" என்றார் வேதநாயகம்.

டீச்சர் நீட்டிய கையை நீட்டியபடியே நின்றாள். பிறகு தௌஃபீக்கைப் பார்த்தாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் தொடல" என்றாள் அவனிடம். "தம்பி, நீ பாத்தல்ல? நான் தொடவே இல்ல."

"தொடல டீச்சர்" என்றான் தௌஃபீக். "பத்து ஆயிருச்சு. பத்துக்கு மேலயே இருக்கும்."

டீச்சருக்குக் கண்ணீர் பொங்கியது. ஒரே ஒரு கை அவளுடையது. மிச்சம் ஒன்பது கை? டீக்கடையில் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு முகமும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒருவர்கூடச் சரி என்று சொல்லவில்லை. ஒருவர்கூட இன்னொருவருக்குத் தெரியும்படி செய்யவும் இல்லை. தனித்தனியாக, அவரவர் படகில், யாரும் பார்க்காதபோது, "காரணமின்றிக் குறைக்கப்படுகிறது" என்ற நச்சரிப்பைக் கேட்டுக்கொண்டே இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்.

படகுக்கு இடப்பக்கம் தண்ணீர் பிளந்து ஒரு தலை மேலே வந்தது. மூக்கை உறிஞ்சி மூச்சு வாங்கியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வலப்பக்கம் நாலைந்து. பஞ்சவர்ணம் முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தவழ்ந்து போகும் படகைச் சந்தேகமாகப் பார்த்தாள். அவள் கையில் கல் எதுவும் இல்லை என்பதை டீச்சர் கவனித்துக்கொண்டாள்.

வேதநாயகம் குளிர்க்கண்ணாடியைக் கழற்றினார். ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். படகின் பின்னால், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்த புரொப்பெல்லர் பக்கம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அந்த வழக்கமான சிரிப்பு இல்லை.

"அடியில இவ்வளவு பேரா இருக்காங்க?"

"இன்னும் இருப்பாங்க சார்."

அவர் ஒன்றும் காட்டாத திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு தௌஃபீக்கிடம், "எஞ்சின்ல கோளாறு ஒண்ணும் இல்லதானே?" என்று கேட்டார்.

"ஒரு கோளாறும் இல்ல சார்."

"அப்ப பாஸ்" என்றார் வேதநாயகம். "மெதுவாவே போங்க டீச்சர். அவசரம் ஒண்ணும் இல்ல."

பின்னாலிருந்து ஒரு படகு முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. நீலமும் வெள்ளையும் அடித்த கில்பர்ட்டின் படகு. நிறைய சுற்றுலா ஆட்கள். மஞ்சள் தண்ணீரின் விளிம்பைத் தொட்டதும் அதன் மூக்கும் தொபுக்கென்று இறங்கியது. பயணிகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கூச்சல் போட்டார்கள். கில்பர்ட் டீச்சரைப் பார்த்தார். உடனே பார்வையை வானத்துக்குத் திருப்பிக்கொண்டார். இரண்டு கைகளையும், நான் எதையும் தொடவில்லையே என்பதுபோல் உயரத் தூக்கிக் காட்டினார்.

"டீச்சர்!" என்று கத்தினார். "என் எஞ்சின்லயும் பவர் போயிருச்சு டீச்சர்! என்னன்னே தெரியல!"

"எனக்கும் தெரியல கில்பர்ட்டு!" என்று திருப்பிக் கத்தினாள் சகாயராணி. கத்தும்போதே அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது அவளுக்கு.